மாற்றான் வலியும் ஆட்ட அட்டவணையும்

விளையாட்டுப் போட்டியொன்றின் முடிவு மறுநாட் பத்திரிகையில் வெளிவரும்பொழுது அதன்கண் இரண்டு பெயர்களும் சில எண்களுமே இடம்பெறுகின்றன. வென்ற கல்லூரி எது, தோற்ற கல்லூரி எது, எத்தனை கோல்கள், எத்தனை ஓட்டங்கள் என்பவற்றோடு செய்தி முற்றுப்பெறுகின்றது. பருவம் முடிந்தபின் அவ்வெண்கள் ஒன்றாகக் கூட்டப்படுகின்றன. பன்னிரண்டு ஆட்டங்களில் பத்து வெற்றி என்று கல்லூரி ஆண்டறிக்கையில் எழுதப்படுகின்றது, பரிசளிப்பு விழாவில் அதிபர் அதனை வாசிக்கின்றார், சபையோர் கைதட்டுகின்றனர். அப்பத்து வெற்றிகளும் யார்மேற் பெறப்பட்டவை என்ற வினாவை எழுப்புவோர் மிகச் சிலரே. எழுப்பப்படாமைக்குக் காரணம் வினா அற்பமானது என்பதன்று. அதனை எழுப்பினால் வெற்றியின் பெறுமதி மட்டுமன்றி, ஆட்ட அட்டவணையை வகுப்பவர் யார், அதில் இடம்பெறாதோர் யார் என்பனவும் உடன் வெளிப்பட்டுவிடும்.

தமிழர் இவ்வினாவை அறியாதவரல்லர். திருக்குறட் பொருட்பாலில் வலியறிதல் என ஓர் அதிகாரமே வகுக்கப்பட்டுள்ளது. தன் வலியோடு மாற்றான் வலியையும் சீர்தூக்கியபின் செயலில் இறங்குதல் அரசனுக்குரிய அறிவாக அங்குப் பேசப்படுகின்றது. படைச்செருக்கு என்னும் அதிகாரம் மேலும் ஒருபடி செல்கின்றது. எளிய விலங்கை வீழ்த்திய படைக்கலத்திலும், வலிய விலங்கின்மேல் எறியப்பட்டுத் தவறிய படைக்கலமே ஏந்துதற்கு உரியது என்னும் கருத்து அங்கு உண்டு. இன்றைய விளையாட்டுத்துறையின் மொழியிற் கூறின், வலிமை குன்றிய அணியை வென்றதிலும் வலிமை மிக்க அணியோடு பொருது தோற்றது மேலானது என்பதே அதன் பொருளாகும். புறத்திணைகளுள் தும்பைக்கு அளிக்கப்பட்ட இடமும் நோக்கற்பாலது. நிரை கவர்தல் வெட்சிக்கும் மண் கவர்தல் வஞ்சிக்கும் உரியனவாக, வலிமையை நிலைநாட்டுதல் ஒன்றையே பொருளாகக் கொண்டு இரு வேந்தர் எதிர்நின்று பொரும் போர் தும்பையெனத் தனியே பிரிக்கப்பட்டது. ஒத்தார் ஒத்தாரோடு பொருதலே அதன் அடிப்படை. ஆயினும் வீரயுகத்து இலட்சியத்தைப் பாடசாலை மைதானத்துக்கு அப்படியே கொணர்தல் இயலாது. பகைவனைத் தேர்ந்துகொள்ளும் உரிமை வேந்தனுக்கு இருந்தது. பதினாறு வயது மாணவனுக்கு அவ்வுரிமை இல்லை. அவனுக்குரிய எதிரியை வேறு யாரோ ஓர் அறையில் அமர்ந்து தீர்மானிக்கின்றனர்.

இத்தீர்மானம் எத்துணைப் பெரும் பூசலுக்கு இடமளிக்கும் என்பதற்கு ஐக்கிய அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் ‘புட்போல்’ ஆட்டம் தக்க சான்றாகும். (யாழ்ப்பாணத்தார் உதைபந்தாட்டம் என வழங்குவது அதுவன்று, நீள்வட்டப் பந்தொன்றைப் பெரும்பாலும் கையிலேந்தி ஆடப்படுவது அது.) அங்கு உயர்மட்டப் பிரிவில் நூற்றுக்கு மேற்பட்ட பல்கலைக்கழக அணிகள் உள்ளன. ஓர் அணி ஒரு பருவத்தில் ஆடும் வழக்கமான ஆட்டங்களோ பன்னிரண்டளவே. எல்லாரும் எல்லாரோடும் ஆடுதல் இயலாத காரியம். ஆகவே அணிகள் ‘கொன்பரன்ஸ்’ எனப்படும் கூட்டமைப்புகளாகப் பிரிந்து, பெரும்பாலான ஆட்டங்களைத் தம்முள்ளே ஆடுகின்றன. எஞ்சிய மூன்று நான்கு ஆட்டங்களுக்கு எதிரணியைத் தாமே தேடிக்கொள்கின்றன. தாமே தேடிக்கொள்ளும் இவ்விடத்திலேதான் சிக்கல் தொடங்குகின்றது. கடினமான எதிரியைத் தேடினால் தோல்வி நேரலாம். எளிய எதிரியைத் தேடினால் வெற்றி பெருகும், மதிப்புக் குறையும்.

1984ஆம் ஆண்டில் யூட்டா மாநிலத்துப் பிரிகம் யங் பல்கலைக்கழக அணி 13 ஆட்டங்களிலும் வென்று தேசிய சாம்பியனாக அறிவிக்கப்பட்டது. அப்பருவத்தின் இறுதியில் அது சந்தித்த மிச்சிகன் அணி அவ்வாட்டத்துக்கு முன் ஆறு வெற்றியும் ஐந்து தோல்வியும் பெற்றிருந்த ஓர் அணியே. தோல்வி காணாத அணியைப் புறக்கணிப்பதா, அன்றி அது யாரை வென்றது எனக் கேட்பதா என்ற விவாதம் அன்று எழுந்து இன்றுவரை ஓயவில்லை. 2023இல் அதே விவாதம் எதிர்த்திசையில் முடிந்தது. புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகம் 13 ஆட்டங்களிலும் வென்று தன் கூட்டமைப்பின் சாம்பியனாகியும், இறுதி நான்கு அணிகளுள் சேர்க்கப்படவில்லை. தலா ஒரு தோல்வி கண்டிருந்த டெக்சாஸ், அலபாமா ஆகிய இரு அணிகளும் அதற்கு மேலாக வைக்கப்பட்டன. அதன் முன்னணி ஆட்டக்காரர் காயமுற்றிருந்தமையும் அம்முடிவுக்குக் காரணமாகக் காட்டப்பட்டது. பின்னர் ஜோர்ஜியாவுடனான ஆட்டத்தில் அவ்வணி 63க்கு 3 என்ற கணக்கிற் படுதோல்வியுற்றபோது, தெரிவுக்குழுவின் முடிவு சரியென்பதற்கு இதுவே சான்று எனப் பலர் எழுதினர். அவ்வணியின் வீரர் பலர் அவ்வாட்டத்திற் கலந்துகொள்ளாது விலகிநின்றமையை அவர்கள் வசதியாக மறந்தனர். ஆடாத ஆட்டத்தின் முடிவை ஊகித்தே ஒருவனுக்கு வாய்ப்பை மறுத்தபின், அம்மறுப்பினால் உளந்தளர்ந்தவனது தோல்வியைச் சான்றாகக் காட்டுதல் தருக்கமன்று.

மற்றொரு வழக்கமும் அங்கு உண்டு. பெரும் பல்கலைக்கழகமொன்று சிறிய பல்கலைக்கழகமொன்றுக்குப் பணங்கொடுத்து, தன் மைதானத்துக்கு வந்து தோற்றுப்போகும்படி அழைக்கின்றது. வெளிப்படையாக அவ்வாறு கூறப்படுவதில்லை. ஒப்பந்தத்தின் உட்கிடை அதுவே. பெரியவருக்கு எளிய வெற்றி, சிறியவருக்கு அவ்வாண்டு வரவுசெலவில் ஒரு துண்டு. 2007 செப்ரெம்பர் முதலாந் திகதி வட கரோலினாவின் அப்பலாச்சியன் மாநிலப் பல்கலைக்கழக அணி இத்தகைய ஏற்பாட்டின்பேரில், நான்கு இலட்சம் டொலருக்கு மிச்சிகன் சென்றது. ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டோர் கூடியிருந்த அரங்கில், தேசத்தின் ஐந்தாம் தரத்திலிருந்த அணியை 34க்கு 32 என்ற கணக்கில் வென்று திரும்பியது. அவ்வெற்றி இன்றும் வியந்து பேசப்படுகின்றது. வியப்புக்குரியது வெற்றி மட்டுமன்று. கீழ்ப்பிரிவில் 2005, 2006 ஆகிய ஈராண்டுகளும் சாம்பியனாயிருந்த அவ்வணி, மேற்பிரிவினரோடு எதிர்நின்று தன் வலியைக் காட்டுதற்கு, தோற்பதற்கென்று விலைபேசப்பட்ட ஓர் ஆட்டத்தையே வாயிலாகக் கொள்ள வேண்டியிருந்தது என்பதும் வியப்புக்குரியதே.

இவ்வமைப்பில் நேர்மையான பக்கம் ஒன்றும் உளது. ஹாவாட், யேல் முதலிய எட்டுப் பழம்பெரும் பல்கலைக்கழகங்கள் 1956 முதல் முறைப்படியான சுழல்முறை ஆட்டங்களை ஆடிவருகின்றன. எண்மரும் ஒவ்வொருவரும் மற்றை எழுவரையும் ஆண்டுதோறும் சந்திப்பர். கல்வித் தரத்திலும் மாணவர் சேர்க்கையிலும் ஒத்தவரோடு மட்டும் பொருதல் என்பது அவர்தம் கொள்கை. பருவத்துக்குப் பிந்திய தேசியச் சுற்றுக்கு அவர்கள் நெடுங்காலம் செல்லவுமில்லை. 2025ஆம் ஆண்டுப் பருவமுதலே அதற்கு இசைந்தனர். இதற்கு மாறாகத் தொலைக்காட்சிப் பணத்தால் வீங்கிய கூட்டமைப்புகள், பதினாறும் பதினெட்டும் உறுப்பினரைக் கொண்டனவாய்ப் பெருத்துவிட்டன. எட்டு அல்லது ஒன்பது ஆட்டங்களே உள்ளே ஆடப்படுதலால், ஒரே கூட்டமைப்பைச் சேர்ந்த இருவர் ஒரே வெற்றிக் கணக்கோடு நிற்பினும் அவர்கள் சந்தித்த எதிரிகள் வேறுவேறானவர். ஒரே பட்டியலில் அடுத்தடுத்து அச்சிடப்பட்டிருப்பதாலேயே இரு எண்கள் ஒப்பிடத்தக்கன ஆகிவிடா.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் இதற்கு நிகரான காட்சி எது? பெருஞ்சமர்கள் என வழங்கும் துடுப்பாட்டப் போட்டிகளே முதலில் நினைவுக்கு வரும். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கும் பரியோவான் கல்லூரிக்குமிடையே 1904இல் ஆரம்பமானது வடக்கின் பெருஞ்சமர். புனித பத்திரிசியார் கல்லூரிக்கும் வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரிக்குமிடையே 1917இல் ஆரம்பமானது பொன் அணிகளின் சமர். இவற்றின் மூலமாதிரி 1879இல் கொழும்பில் ஆரம்பமான றோயல் - தோமியன் போட்டி. அதன் மூலமாதிரி இங்கிலாந்தின் பழைய பாடசாலைகள். மெதடிஸ்தர் நிறுவிய கல்லூரி, அங்கிலிக்கர் நிறுவிய கல்லூரி, கத்தோலிக்கர் நிறுவிய கல்லூரி, அமெரிக்க மிசனின் வழிவந்த கல்லூரி என இந்நான்கும் ஆங்கிலக் கல்வியின் வாயில்களாக விளங்கியவை. எதிரி என ஒருவரையொருவர் அவை தெரிந்துகொண்டமை விளையாட்டு வலிமையால் மட்டும் நிகழ்ந்ததன்று. சமூக நிலையில் தமக்கு ஒப்பானவர் யார் என்பதை அவை அத்தெரிவின் வாயிலாகப் பிரகடனஞ் செய்தன எனலாம். சமர் என்ற சொல்லினுள் சம்பந்தம் என்ற பொருளும் மறைந்து நிற்கின்றது. சம்பந்தஞ் செய்யத் தகுதியுடையார் எவரோ அவரோடுதான் சமரும் செய்யப்பட்டது.

இப்பெருஞ்சமர்களைக் குறைத்து மதிப்பிடுதல் தகாது. ஒத்த இருவர் ஆண்டுதோறும் சந்திப்பதனால் வளர்ந்த நெறிகள் பல. சென்ற ஆண்டு தோற்றவன் இந்த ஆண்டு வெல்வான் என்ற நம்பிக்கைக்கு இடமுள்ள ஆட்டமே பார்ப்போரை மரநிழலில் மூன்று நாளும் இருத்தும். புலம்பெயர்ந்து கனடாவிலும் இலண்டனிலும் வாழும் பழைய மாணவர் மார்ச் மாதத்து விடுமுறையை இதற்கெனவே ஒதுக்கி ஊர் திரும்புவதும் உண்டு. எனினும் இச்சமர்களின் ஒளியில், சமருக்கு எதிரியே வாய்க்காத பாடசாலைகள் கண்ணுக்குத் தெரியாமற் போயின என்பதையும் மனங்கொள்ளல் வேண்டும்.

குடாநாட்டின் ஆட்டங்கள் முழுவதுமே ஒருகாலத்தில் ஒரு மூடிய கூட்டமைப்பாயின. 1990இல் தரைவழி துண்டிக்கப்பட்டபின் 2002வரை கண்டி வீதி திறக்கப்படவில்லை. 2006 ஓகஸ்ட் மாதத்தில் அது மீண்டும் மூடப்பட்டு 2009இல் யுத்தம் முடியும்வரை அவ்வாறே இருந்தது. 1995ஆம் ஆண்டின் இடப்பெயர்வில் பாடசாலைகளே ஊர்விட்டு ஊர் பெயர்ந்தன. மைதானம் இழந்த பாடசாலைகள் உண்டு. உபகரணம் இழந்தவை உண்டு. அவற்றினும் நுண்ணிய ஓர் இழப்பும் நேர்ந்தது. கொழும்பு, கண்டி, காலிப் பாடசாலைகளோடு ஆடித் தம்மை அளந்துகொள்ளும் வாய்ப்பு ஒரு தலைமுறைக்கு இல்லாதொழிந்தது. குடாநாட்டில் முதல்வனாக இருந்தவன் தேசத்தில் எத்தனையாவது என்பதை எவராலும் கூற முடியவில்லை. நவக்கிரியிலுள்ள நிலாவரைக் கிணற்றின் ஆழத்தைக் கயிறு விட்டு அளக்க முயன்றோரைப் பற்றி ஊரில் வழங்குங் கதை இவ்விடத்துக்குப் பொருந்தும். கயிறு எட்டாதபோது தெரியவருவது கயிற்றின் நீளமேயன்றிக் கிணற்றின் ஆழமன்று.

பாதை திறந்தபின் நிலைமை மாறத் தொடங்கிற்று. மத்திய கல்லூரியின் சுழற்பந்து வீச்சாளர் விஜயகாந்த் வியாஸ்காந்த் 2020இல் லங்கா பிரிமியர் லீக் போட்டியில் யாழ்ப்பாண அணிக்கும், 2023இல் இலங்கை அணிக்கும், 2024இல் இந்திய பிரிமியர் லீக்கில் ஹைதராபாத் அணிக்கும் ஆடினார். அவரது ஆற்றல் திடீரெனத் தோன்றியதன்று. அதனை அளக்கத்தக்க துடுப்பாளரைச் சந்திக்க அவருக்கு வாய்ப்புக் கிட்டியமையே புதிதாக நேர்ந்தது. அவருக்கு முன் வந்த பந்துவீச்சாளர் எத்தனை பேர் அளக்கப்படாமலே மைதானத்தைவிட்டு நீங்கினர் என்பதற்குக் கணக்கில்லை.

யாழ்ப்பாணம் கொழும்பின்மேல் வைக்கும் இக்குறையையே குடாநாட்டின் கிராமங்கள் யாழ்ப்பாண நகரத்தின்மேல் வைக்கக்கூடும். இதனைப் புத்தூரை நிலைக்களனாகக் கொண்டு நோக்குதல் பயனுடையது. பருத்தித்துறை வீதியில் நீர்வேலி, சிறுப்பிட்டி ஆகியவற்றைக் கடந்து ஆவரங்காலுக்கு முன்னர் அமைந்துள்ள விவசாயக் கிராமம் அது. அதன் பிரதான பாடசாலை ஸ்ரீ சோமாஸ்கந்தக் கல்லூரி. கல்வி நிருவாகத்தில் இப்பகுதி கோப்பாய்க் கோட்டத்தைச் சேர்ந்தது. கோப்பாய்க் கோட்டமோ யாழ்ப்பாணம், நல்லூர் ஆகிய கோட்டங்களோடு சேர்ந்து யாழ்ப்பாண வலயத்துள் அடங்குகின்றது. பாடசாலை விளையாட்டுப் போட்டிகள் வலயம், மாகாணம், தேசியம் என்ற படிமுறையில் நடைபெறுவன. ஆகவே புத்தூரின் தோட்டக்காரர் பிள்ளைகள் மாகாணமட்டத்தை அடைதற்கு முன்னர், நூறாண்டுக்கு மேற்பட்ட விளையாட்டு மரபும், பழைய மாணவர் சங்கங்களின் பணமும், பயிற்றுநரும் வாய்க்கப்பெற்ற நகரக் கல்லூரிகளைத் தாண்டிச் செல்லவேண்டியவராகின்றனர். வலய எல்லையை வகுத்தோர் விளையாட்டை நினைந்து அதனை வகுத்தாரல்லர். ஆசிரியர் இடமாற்றத்துக்கும் பரீட்சை நிருவாகத்துக்கும் ஏற்ப வகுத்தனர். எனினும் அக்கோடே ஒரு மாணவனின் எதிரியைத் தீர்மானிக்கின்றது. வேறொரு வலயத்தில் பிறந்திருப்பின் மாகாணத்துக்குச் சென்றிருக்கக்கூடிய அணி, இங்கே முதற்சுற்றோடு வீடு திரும்ப நேரலாம்.

இவ்விடத்தில் தரப்படுத்தல் என்ற சொல் பலர் நினைவில் எழுதல் இயல்பே. 1970களிற் பல்கலைக்கழக அனுமதியில் புகுத்தப்பட்ட அம்முறை யாழ்ப்பாணத்து மாணவருக்கு இழைத்த ஊறு மறக்கற்பாலதன்று. வாய்ப்புக் குன்றிய இடத்திலிருந்து வருபவனை வாய்ப்பு மிக்க இடத்திலிருந்து வருபவனோடு எங்ஙனம் ஒப்பிடுவது என்ற வினா அம்முறைக்கு முன்னும் இருந்தது, பின்னும் இருக்கின்றது. அவ்வினாவுக்கு அளிக்கப்பட்ட விடை கொடிது என்பதனால் வினாவே இல்லையென்று ஆகிவிடாது. குடாநாட்டுக்குள்ளே அதனைக் கேட்பதற்கு நிலவும் தயக்கம் ஆராயத்தக்கது.

வலய எல்லையைவிடக் கொடியது போட்டி முறையாகும். விலகல் முறையில், அதாவது தோற்றவர் உடனே வெளியேறும் முறையில், பதினாறு அணிகள் பங்குபற்றுவதாகக் கொள்வோம். மொத்தம் 15 ஆட்டங்களில் வெற்றியாளர் தீர்மானிக்கப்படுவர். அமைப்பாளருக்கு இது பெரும் வசதி. இரண்டு நாளில் எல்லாம் முடிந்துவிடும். ஆயின் அப்பதினாறில் எட்டு அணிகள் ஒரே ஒரு முறைதான் களமிறங்குகின்றன. நான்கு அணிகள் இருமுறை. மூன்றும் அதற்கு மேலும் ஆடுவோர் நால்வர் மட்டுமே. ஓராண்டு முழுவதும் மாலைதோறும் பயிற்சி செய்த மாணவன் அறுபது எழுபது நிமிடத்தில் அவ்வாண்டின் உத்தியோகபூர்வமான விளையாட்டு வாழ்வை முடித்துக்கொள்கின்றான். திருவுளச்சீட்டில் அவனுக்குக் கிடைத்த எதிரி இளவாலையையோ பத்திரிசியாரையோ ஒத்த அணியாயின் முடிவு முன்னரே எழுதப்பட்டதற்கு ஒப்பாகும். சீட்டுக் குலுக்காமல் சென்ற ஆண்டின் நிலைப்படி அணிகளை வரிசைப்படுத்தினால் நீதி கிடைக்குமா எனில், அதுவும் இல்லை. முதலாம் அணியைப் பதினாறாம் அணியோடும், இரண்டாம் அணியைப் பதினைந்தாம் அணியோடும் பொருத்துவதே அம்முறையின் வழக்கம். வலியோர் இருவர் தொடக்கத்திலே மோதி ஒருவர் வெளியேறிவிடாமற் காப்பதற்காக மெலியோர் அனைவரும் முதல்நாளிலேயே வலியோரிடம் ஒப்படைக்கப்படுகின்றனர். இறுதியாட்டத்தின் தரத்தை எண்ணி வகுக்கப்பட்ட நீதி அது. முதற்சுற்றில் ஆடுவோனை எண்ணி வகுக்கப்பட்டதன்று.

சுழல்முறையில் எட்டு அணிகளுக்கு 28 ஆட்டங்கள் வேண்டும். பதினாறு அணிகளுக்கு 120. மைதானமும் நடுவரும் பேருந்துக் கட்டணமும் அத்துணைக்கு இடங்கொடா. நால்வர் கொண்ட நான்கு குழுக்களாகப் பிரித்தால் குழுநிலையில் 24 ஆட்டங்களும் அதன்பின் மூன்றுமாக 27இல் முடியும். எவரும் மூன்று ஆட்டங்களுக்குக் குறையாமல் ஆடுவர். பதினைந்துக்கும் இருபத்தேழுக்கும் இடையேயுள்ள பன்னிரண்டு ஆட்டங்களின் செலவு, எட்டுப் பாடசாலைகளை ஒரே ஆட்டத்தோடு அனுப்பிவிடாதிருத்தற்குக் கொடுக்கும் விலை. அவ்விலை பெரிதென எவரும் துணிந்து கூறார். எனினும் விலகல் முறையே எளிதென்று கைக்கொள்ளப்படுமிடங்களில் அவ்விலை எண்ணிப்பார்க்கப்படுவதே இல்லை.

சிநேகபூர்வ ஆட்டங்கள் இக்குறையை ஈடுசெய்யும் என்பர். அவற்றின் தருக்கம் வேறு. பெயர்பெற்ற கல்லூரியொன்று கிராமப் பாடசாலையை வென்றால் அதற்குப் பெருமையில்லை. தோற்றால் அவமானம் மிகும். இரு வழியிலும் இலாபமற்ற ஆட்டத்துக்கு அது ஏன் ஒரு சனிக்கிழமையை இழக்க வேண்டும்? தனக்கு ஒப்பான கல்லூரியோடும், வெளிமாவட்டத்துக் கல்லூரியோடும் அதன் நாட்காட்டி நிறைந்துவிடுகின்றது. அமெரிக்கச் சிறு பல்கலைக்கழகத்துக்குத் தோற்பதற்காவது அழைப்பு வருகின்றது. கிராமப் பாடசாலைக்கு அதுவும் இல்லை.

இனி இதே புத்தூரை அடுத்து நிகழும் வேறொரு காட்சி. கரப்பந்தாட்டம் 1895இல் அமெரிக்காவில் தோன்றி, 1916இல் வை.எம்.சி.ஏ. இயக்கத்தினரால் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. 1991இல் நாட்டின் தேசிய விளையாட்டாக அறிவிக்கப்பட்டது. கரையோரக் கிராமங்களாகிய பாசையூரும் குருநகரும் நாவாந்துறையும் இளவாலையும் உதைபந்தாட்டத்தில் உயிர்வைத்தவை எனின், செம்மண் தோட்டங்கள் நிறைந்த உட்கிராமங்கள் பல கரப்பந்தாட்டத்தில் உயிர்வைத்தவை. ஒரு வலையும் ஒரு பந்தும் வீட்டுக் காணியளவு நிலமும் போதும். தோட்டத்துக்கு நீரிறைத்து முடித்தபின் மாலை ஒரு மணிநேரம் கிடைப்பவனுக்குப் பொருந்திய விளையாட்டு அது. ஆவரங்காலில் மத்திய விளையாட்டுக் கழகம், இந்து இளைஞர் விளையாட்டுக் கழகம் என இரு கழகங்கள் ஒரே ஊரில் அமைந்து, இரண்டும் குடாநாட்டுக் கரப்பந்தாட்டத்தின் முன்வரிசையில் இடம்பெற்று வந்துள்ளன. இதனைத் தற்செயல் எனக் கொள்ளுதல் பொருந்தாது. வலிய எதிரி மதிலுக்கு அப்பாலே இருப்பானாயின், அவனைச் சந்திக்க வலய அலுவலகத்தின் கடிதம் வேண்டியதில்லை; பேருந்தும் வேண்டியதில்லை. இன்று தோற்றால் நாளை மறுபடியும் ஆடலாம். பாடசாலை அட்டவணை ஆண்டுக்கொருமுறை தரும் பாடத்தை அயலவன் வாரந்தோறும் தருகின்றான். அண்மையில் வாழும் ஒத்த பகையே அவ்வூரின் பயிற்றுநர். நகரக் கல்லூரிகளின் பெருஞ்சமர் எதனைப் பெருஞ்செலவில் ஆண்டுக்கொருமுறை நடத்துகின்றதோ அதனை ஆவரங்கால் செலவின்றி நடத்திவந்துள்ளது. ஊருக்குள் இரு கழகம் இருப்பதைப் பிரிவினை என்று வருந்துவோர் எப்போதும் உளர். ஒன்றாக இணைந்திருப்பின் ஒரு பெருங்கழகம் உருவாகியிருக்கலாம். அதற்குரிய எதிரி உருவாகியிரான்.

எதிரணியின் வலிமையைக் கணக்கிற் கொள்ளுதற்கு முறைகள் இல்லாமலில்லை. அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தாட்டத்தில் 1981 முதல் 2018வரை வழக்கிலிருந்த ஒரு குறியீட்டு எண்ணை எடுத்துக்கொள்ளலாம். ஓர் அணியின் வெற்றி வீதத்துக்கு நூற்றுக்கு 25 பங்கும், அது சந்தித்த எதிரிகளின் வெற்றி வீதத்துக்கு 50 பங்கும், அவ்வெதிரிகள் சந்தித்த எதிரிகளின் வெற்றி வீதத்துக்கு 25 பங்கும் அதில் அளிக்கப்பட்டன. பத்தில் எட்டு ஆட்டங்களை வென்ற ஓர் அணி, சராசரியாகப் பத்தில் மூன்றே வெல்லும் எளியோரைச் சந்தித்திருப்பதாகக் கொள்வோம். பத்தில் ஐந்தே வென்ற மற்றோர் அணி, பத்தில் ஏழு வெல்லும் வலியோரைச் சந்தித்தது. மூன்றாவது கூறு இருவருக்கும் பாதியெனக் கொண்டால், முதலணியின் எண் 0.475, இரண்டாமணியின் எண் 0.600. ஆண்டறிக்கையில் எட்டு வெற்றியே மிளிரும். இவ்வெண்ணிலோ ஐந்து வெற்றி மேலே நிற்கும்.

ஆயினும் இக்கணக்கிலும் ஒரு வஞ்சகம் உண்டு. நான்கில் மூன்று பங்கு மதிப்பெண் அணியின் கையில் இல்லாதவற்றுக்கு அளிக்கப்படுகின்றது. வலியோர் கூட்டமைப்பிற் பிறந்தவன் தோற்றும் உயர்கின்றான்; எளியோர் கூட்டமைப்பிற் பிறந்தவன் வென்றும் தாழ்கின்றான். வலியோர் அவனோடு ஆட மறுத்தால் அத்தாழ்வு என்றும் நீங்காது. பிறப்பினால் வரும் உயர்வு தாழ்வு கணிதத்தின் உடையணிந்து திரும்பிவருவதை இதிற் காணலாம். மாற்றான் வலியை அளத்தல் வேறு. மாற்றானைச் சந்திக்கும் வாய்ப்பைப் பகிர்தல் வேறு. முன்னையது பின்னையதற்கு ஈடாகாது. பத்திரிகைகளும் பயிற்றுநரும் முன்னையதைப் பற்றியே ஓயாது பேசுவதற்குக் காரணம் அது செலவில்லாத நீதி என்பதே.

வாய்ப்பைப் பகிரும் முறைக்கு அண்மைக்கால எடுத்துக்காட்டு ஐரோப்பிய உதைபந்தாட்டத்திலிருந்து கிடைக்கின்றது. 2024ஆம் ஆண்டுமுதல் அங்குச் சாம்பியன்ஸ் லீக் போட்டியில் 36 கழகங்கள் ஒரே பட்டியலில் நிறுத்தப்படுகின்றன. எல்லாரும் எல்லாரோடும் ஆடுவதில்லை. வலிமையின்படி நான்கு கலங்களாக வகுக்கப்பட்டு, ஒவ்வொரு கழகமும் ஒவ்வொரு கலத்திலிருந்தும் இருவராக எண்மரைச் சந்திக்கின்றது. எவர்க்கும் எளிய எதிரிகள் மட்டுமே வாய்ப்பதில்லை; எவர்க்கும் வலியவர் மட்டுமே வாய்ப்பதுமில்லை. அப்போட்டியும் பணத்தின் பொருட்டே அவ்வாறு மாற்றப்பட்டது என்பது உண்மையே. பணத்துக்காக வகுக்கப்பட்ட ஓர் ஏற்பாடு, கல்விக்காக வகுக்கப்பட்ட ஏற்பாட்டினும் எதிரணிப் பங்கீட்டில் நேர்மையாக இருப்பது கல்வித்துறையினர் எண்ணிப்பார்க்க வேண்டியது.

சதுரங்கப் போட்டிகளில் நெடுங்காலமாக வழங்கிவரும் சுவிஸ் முறை இதனினும் எளிது. குடாநாட்டுப் பாடசாலைகளிலும் சதுரங்கம் ஆடுவோர் அதனை நன்கறிவர். அதில் எவரும் வெளியேற்றப்படுவதில்லை. முதற்சுற்றில் வென்றவர் வென்றவரோடும் தோற்றவர் தோற்றவரோடும் அடுத்த சுற்றிற் பொருத்தப்படுவர். சுற்றுக்கள் செல்லச்செல்ல ஒவ்வொருவனும் தனக்கு ஒத்தவனை நெருங்குகின்றான். முதல்நாள் நகரக் கல்லூரியிடம் ஏழு கோல்களால் தோற்ற கிராம அணிக்கு அடுத்த நாள் அதனைப்போலத் தோற்ற மற்றோர் அணி கிடைக்கும். அங்கு அது வெல்லவுங் கூடும். வென்றால் மறுசுற்றிற் சற்று வலிய எதிரி வருவான். பதினாறு அணிகளுக்கு நான்கு சுற்றுக்கள், 32 ஆட்டங்கள். இரு மைதானங்களில் நாளொன்றுக்கு நந்நான்கு ஆட்டங்களாக நான்கு சனிக்கிழமைகளில் முடியத்தக்க வேலை அது. அம்மைதானங்களுள் ஒன்றேனும் நகருக்கு வெளியே, பருத்தித்துறை வீதியிலோ பலாலி வீதியிலோ அமையுமாயின், நகரக் கல்லூரி மாணவரும் ஒரு சனிக்கிழமை விடியற்காலையில் 750ஆம் இலக்கப் பேருந்தில் ஏறவேண்டியிருக்கும்.